தகரப் பெட்டிதானே!

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கருத்து)

கடைத்தெருவில் என் தாய்மாமன் கணிப்பொறி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மாலையில் கல்லூரி விட்டதும் நான் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். அங்கு வருகிறவர்கள் மேசைக் கணிப்பொறியின் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டு, "சி.பி.யு. போச்சு தம்பி" என்பார்கள். சி.பி.யு. என்பது பள்ளிப் பாடநூல் சொல்லும் மையச் செயலகம். தீப்பெட்டியைவிடச் சிறிய சதுரச் சில்லு அது. பெட்டிக்குள்ளே ஒரு விசிறிக்குக் கீழே ஒளிந்திருக்கும். அது உண்மையாகவே 'போனதை' இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெட்டிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கடைக்காரர்கள் மட்டும் கேபினெட் என்பர். மற்றவர்கள் அதற்கென்று ஒரு பெயர் வைக்கவும் மறந்துவிட்டோம்!

பெயர் மறந்த இந்தப் பெட்டியைப் பற்றி ஆண்டு மலரில் எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "தகரப் பெட்டிதானே! அதில் எழுத என்ன இருக்கிறது? ஒரு கவிதை கொடு" என்றார். கவிதை எனக்கு வராது. அதோடு, எழுதவும் இருக்கிறது. நம் ஆய்வகத்துக்குப் புதிய கணிப்பொறிகள் வரப்போகின்றன என்று சில மாதங்களாகப் பேச்சு அடிபடுகிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு நினைவகம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். புறத்தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'பார்க்க அழகாக இருக்கவேண்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெட்டியைத்தான் முதலில் பார்க்கவேண்டும், அதிலும் ஒரு திருப்புளி வைத்திருப்பவன் அதைத் திறக்க முடியுமா என்று பார்க்கவேண்டும் என்பது என் துணிபு. ஆசிரியப் பெருமக்கள் சிலருக்கு இது உடன்பாடாக இராது என்பதை அறிவேன். பொறுத்தருளிப் படிக்க வேண்டுகிறேன்.

"பெட்டியைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிடலாம்டா மாப்ளே" என்பது மாமாவின் கொள்கை. பின்பக்கத்து விசிறி வலையில் படிந்த தூசி கறுப்பாகப் பிசுபிசுவென்றிருந்தால் அது உணவு விடுதிக் கல்லாவிலிருந்து வந்தது. மாவுபோல் வெளுத்திருந்தால் அரிசி ஆலை. பின்பக்கத்தில், அட்டை செருகாத இடங்களை மூடும் நீளமான தகட்டுத் துண்டுகள் சில இருக்கும். அவற்றுள் ஒன்று காணாமற் போயிருந்தால் உள்ளே பல்லி இருக்கிறது என்று பொருள்! இருட்டும் வெதுவெதுப்பும் ஒருங்கே கிடைக்கும் இடத்தைப் பல்லி விடுமா? பல்லி முட்டைகளை எத்தனையோ முறை எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒருமுறை எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டிக்குள் கருகிக் கிடந்த பல்லியையே எடுத்தேன். அந்தக் கணிப்பொறியின் நோய் அதுதான். சில ரூபாய்கூடப் பெறாத ஒரு தகட்டுத் துண்டு இல்லாததால் வந்த கேடு.

காற்று முன்பக்கம் கீழே நுழைந்து, சூடான பகுதிகளைத் தடவிக்கொண்டு, பின்பக்கம் மேலே வெளியேற வேண்டும். பெட்டியின் துளைகள் அதற்காகவே இடம் பார்த்துப் போடப்பட்டவை. நாமோ பூவேலை செய்த துணியுறையைப் பெட்டிக்குப் போர்த்தி, அதைச் சுவரோடு ஒட்டி வைத்து, உறையை எடுக்காமலே இயக்குகிறோம். தூசி படக்கூடாதாம்!

இந்தப் பெட்டியின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் 'பெர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. அது மேசைமேல் படுக்கை வாட்டில் கிடக்கும் எஃகுப் பெட்டி. திரை அதன் முதுகில் உட்காரும். முகத்தில் வலப்பக்கம் நெகிழ்தட்டு செருகும் இரண்டு வாய்கள், இடப்பக்கம் காற்றுக்கான கோடுகள், அவ்வளவுதான். இயக்கும் பொத்தானை முகத்தில் தேடினால் கிடைக்காது. வலப்பக்கச் சுவரின் பின்கோடியில் சிவப்பாக ஒரு பெரிய நெம்பு விசை துருத்திக்கொண்டிருக்கும். ஏன் அங்கே? மின்வழங்கி உள்ளே அந்த மூலையில் இருந்தது, அதன் விசையை அப்படியே வெளியே நீட்டிவிட்டார்கள்! அழகு பார்க்கிறவர்கள் முகஞ்சுளிக்கலாம். உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதை வெளித்தோற்றமே மறைக்காமல் சொல்லியது என்பதால் எனக்கு அந்தப் பெட்டியின்மேல் ஒரு மதிப்பு உண்டு.

பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி மூடியை முன்னால் இழுத்தால் பெட்டி திறந்துவிடும். உள்ளே புதிய அட்டைகள் செருக ஐந்து இடங்கள். அந்த நிறுவனம் மின்சுற்றுப் படங்களையும் ஒரு நூலாக அச்சிட்டு விற்றது. திறந்து பார், வேண்டியதைச் சேர்த்துக்கொள் என்று அழைத்தது அந்தப் பெட்டி. பிறர் அதைப் பார்த்துத் தாங்களும் செய்தார்கள். நம் ஊர்க் கடைத்தெரு வரை கணிப்பொறி வந்து சேர்ந்த வழி அங்கேதான் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

1984-இல் வந்த அதன் தம்பியான ஏ.டி. மாதிரியின் முகத்தில் ஒரு பூட்டு இருந்தது. சாவியைத் திருப்பினால் விசைப்பலகை வேலை செய்யாது, மூடியையும் கழற்ற முடியாது. அலுவலகத்தில் வேண்டாதவர் கைவைக்காதிருக்கச் செய்த ஏற்பாடு. அதை நான் குறை சொல்லமாட்டேன். பூட்டின் சாவி உடைமைக்காரர் கையில் அல்லவா இருந்தது! இக்காலத்துப் பெட்டிகளின் பூட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

அதன்பின் பெட்டிகள் எழுந்து நின்று கோபுரமாயின. முகத்தில் பொத்தான்களும் விளக்குகளும் பெருகின. அவற்றுள் 'டர்போ' என்ற பொத்தானைப் பற்றி மாமா சொல்லக் கேட்கவேண்டும். கடையின் பரணில் அப்படி ஒரு பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார். டர்போ என்றால் வேகம் கூடும் என்றுதானே நினைப்போம்? அதை அணைத்தால் வேகத்தைக் குறைப்பதே அதன் உண்மையான பயன்! பழைய விளையாட்டுகள் முதல் ஐ.பி.எம்.மின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. புதிய பொறியில் அவை கண்மூடித்தனமாக ஓடின. அவற்றுக்காக வேகத்தைத் தணிக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். பக்கத்தில் 33, 66 என்று ஒளிரும் எண் பலகை வேறு. அந்த எண் வேகத்தை அளந்து காட்டவில்லை. உள்ளே சிறு இணைப்பான்களை மாற்றிச் செருகினால் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டும். மாமா தம் இளமைக்காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் பெட்டியில் 99 என்று வைத்துக் கொடுத்தாராம். அவர் மகிழ்ந்து இனாம் கொடுத்துவிட்டுப் போனாராம்! இதைச் சொல்லி மாமா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு முழுதாக வருவதில்லை. பெட்டியின் முகம் பொய் சொல்லத் தொடங்கிய இடம் அது.

1995-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வெளியிட்டது. பெட்டிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி இல்லை என்பேன். தாய்ப்பலகையின் முழு அளவு 305க்கு 244 மில்லிமீட்டர். திருகாணித் துளைகள் இன்ன இன்ன இடத்தில். மின்வழங்கியின் முகம் 150க்கு 86. பின்பக்கத்தில் எல்லா இணைப்பு வாய்களும் எட்டிப் பார்க்க ஒரு செவ்வகச் சன்னல், ஏறத்தாழ 159க்கு 44. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், அந்தச் சன்னல் பெரும்பாலும் இருக்கும். முப்பது ஆண்டுகளாகச் செயலகங்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. சன்னலின் அளவு மாறவில்லை. அதனால்தான் பத்தாண்டுக்கு முன் வாங்கிய பெட்டியில் இன்றைய பலகை உட்காருகிறது. ஓர் ஊர்த் தச்சர் செய்த நிலையில் வேறோர் ஊர்த் தச்சர் செய்த கதவு பொருந்துவது போன்றதன்றோ இது!

அந்தச் சன்னலின் நிறங்களும் அப்படித்தான். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வெளியிட்ட 'பி.சி. 99' வழிகாட்டியிலிருந்து விசைப்பலகைக்கு ஊதா, சுட்டிக்குப் பச்சை, திரைக்கு நீலம், ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பு, ஒலிபெருக்கிக்கு வெளிர்பச்சை என்று வகுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூட நிறம் பார்த்துச் செருகிவிடுவார். புறத்தோற்றத்தின் அழகு என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனி ஒரு மின்னதிர்ச்சியைப் பற்றி. முதலாண்டில் கணிப்பொறி ஆய்வகத்தில் நாங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பெட்டியின் பின்புறம் எதையாவது செருகக் கை வைத்தால் சுருக்கென்று இருக்கும். புறங்கையால் மெல்லத் தடவினால் தகடு சொரசொரவென்று நடுங்குவதுபோல் தோன்றும். 'கம்ப்யூட்டர் ஷாக் அடிக்கிறது' என்று சொல்லி இரண்டு மாணவிகள் ஒரு பருவம் முழுவதும் விசைப்பலகைப் பக்கமே போகாமல் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே முடித்தார்கள். மின்சோதனைத் திருப்புளியைத் தொட்டுப் பார்த்தால் விளக்கு மங்கலாக எரிந்தது. "பெட்டி கெட்டுப்போச்சு, மாத்தணும்" என்றார் பார்க்க வந்த ஒருவர்.

பெட்டி கெடவில்லை. இயற்பியல் மாணவர்களுக்கு இது சொல்லத் தகுந்த கதை. மின்வழங்கியின் வாயிலில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று மின்கம்பியிலிருந்து பெட்டியின் தகட்டுக்கு, மற்றொன்று நடுநிலைக் கம்பியிலிருந்து தகட்டுக்கு. நிலத்தொடர்பு சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் மூன்றாவது முனை வழியாகத் தரைக்குப் போய்விடும். நிலத்தொடர்பு இல்லாவிட்டால்? இரண்டு மின்தேக்கிகளும் 230 வோல்ட்டைப் பங்கிட, நடுவே உள்ள தகடு ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது. அதனால் சுருக்கென்று குத்துவதோடு நிற்கிறது. வண்ணம் பூசிய இடத்தில் தெரியாது, வெறும் திருகாணித் தலையில் தெரியும். நிலத்தொடர்பு இல்லாத இடத்தில் மின்வழங்கிக்குள் வேறு பழுது நேர்ந்தால் அது சுருக்கோடு நிற்காது என்பதையும் சொல்லியாகவேண்டும். எங்கள் ஆய்வகத்தில் நடந்தது இதுதான். தரைக்குப் போகும் கம்பி துருப்பிடித்து அற்றிருந்தது. மின்பணியாளர் வந்து அதைச் சரிசெய்த அன்றே அத்தனை பெட்டிகளும் அடங்கின. பெட்டி உலோகமாக இருந்ததால்தான் அந்தக் குறை நமக்குத் தெரிந்தது. முழுவதும் நெகிழியாக இருந்திருந்தால் அது சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கடைகளில் இப்போது கண்ணாடிப் பெட்டிகள் வந்துவிட்டன. ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. உள்ளே விசிறிகள் திருவிழாச் சர விளக்குப்போல் நிறம் மாறி மாறி எரிகின்றன. வகுப்புத் தோழன் ஒருவன் விடுமுறையில் வேலை செய்து பணம் சேர்த்து அப்படி ஒன்று வாங்கினான். அவனை நான் கேலி செய்யவில்லை. தன் கையால் பூட்டிய பொறியைத் தானே பார்த்து மகிழ்வது இயல்புதான். கண்ணாடியைத் திருகாணி போட்டுக் கழற்றவும் முடிகிறது. ஆனால் முகத்தையும் கண்ணாடியால் மூடிவிட்டால் காற்று எங்கிருந்து வரும்? மூன்று விசிறிகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பின்னர் அவனே முகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலைத் துணியை வெட்டிப் பொருத்திக்கொண்டான். இப்போது சூடும் குறைந்தது, தூசியும் குறைந்தது.

அழகுக்குப் பேர்போன ஆப்பிள் நிறுவனத்துக்கே இந்தப் பாடம் நடந்திருக்கிறது. 1999-இல் அவர்கள் வெளியிட்ட நீலமும் வெள்ளையுமான கோபுரப் பெட்டியின் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும். அதை இழுத்தால் பக்கச் சுவரே கதவுபோல் கீழே சாயும், தாய்ப்பலகை அதன்மேல் படுத்தபடி வெளியே வரும். திருப்புளியே வேண்டாம்! அதை நேரில் பார்த்ததில்லை. படக்காட்சியில் பார்த்ததற்கே எழுந்து நின்று கை தட்டவேண்டும் போலிருந்தது. அடுத்த ஆண்டே, விசிறியில்லாத பளிங்குக் கனசதுரம் ஒன்றை வெளியிட்டார்கள். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் இடம்பெறும் அளவுக்கு அழகு. ஆனால் விற்கவில்லை, 2001-இல் நிறுத்திவிட்டார்கள். 2013-இல் கறுப்பு உருளை. நான்கே ஆண்டில், வெப்பத்தைக் கையாளும் அந்த அமைப்பு தங்களை ஒரு மூலையில் முடக்கிவிட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2019-இல் மீண்டும் கைப்பிடி வைத்த, மேலுறையை உயர்த்தி எடுக்கக்கூடிய, அட்டை செருக இடமுள்ள கோபுரத்துக்குத் திரும்பினார்கள். பெரிய செல்வர்கள், தவறு செய்து திருத்திக்கொள்ள அவர்களுக்கு இயலும். நமக்கு ஒருமுறை வாங்கினால் பத்தாண்டு.

நம் கல்லூரிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு இயற்பியல் துறைத் தாழ்வாரத்தில் பதினொரு கணிப்பொறிகள் 'பயனற்றவை' என்று பட்டியலிடப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. எல்லோரும் பார்த்திருப்பீர்கள், சிலர் அவற்றின்மேல் சாப்பாட்டுப் பையும் வைத்திருப்பீர்கள். துறைத் தலைவர் ஐயாவின் அனுமதி பெற்று, ஆய்வக உதவியாளர் அண்ணனும் நானும் இரண்டு சனிக்கிழமைகளில் அவற்றைத் திறந்து பார்த்தோம். மூன்றில் நினைவக அட்டையின் முனைகள் களிம்பேறியிருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துச் செருகியதும் உயிர் வந்தது. இரண்டில் மின்வழங்கி செத்திருந்தது. ஒன்றில் நிலைவட்டு மட்டும் போயிருந்தது. மூன்றின் தாய்ப்பலகைகள் தேறவில்லை. அவற்றிலிருந்து மின்வழங்கிகளையும் நிலைவட்டையும் எடுத்து மற்றவற்றுக்குப் பொருத்தினோம். ஆக ஆறு ஓடின. அளவு ஒன்றாக இருந்ததால் ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் பொருந்தியது.

மீதி இரண்டு? அவை சற்று விலை கூடியவை, ஒடுக்கமான, பார்ப்பதற்கு நேர்த்தியான பெட்டிகள். மின்வழங்கி மட்டுமே பழுது, மற்றவை எல்லாம் நலம். ஆனால் அந்த மின்வழங்கி நீள்சதுரமாக, அந்தப் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும்படி செய்யப்பட்டது. செருகும் முனையும் வேறு. மாமா கடையிலும் இல்லை, வேறெங்கும் கிடைக்கவில்லை. இவைதாம் நான் முன்னர்ச் சொன்ன பூட்டு. சாவி உடைமைக்காரரிடம் இல்லாத பூட்டு. வாங்கும் நாளிலேயே பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது எல்லாம் திரைக்குள்ளேயே அடங்கிய 'ஆல் இன் ஒன்' கணிப்பொறிகளை வாங்கலாம் என்ற யோசனை இருப்பதாக அறிகிறேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் அதற்காக நியாயமான காரணங்களைச் சொன்னார். கம்பிகள் குறையும். மேசையில் பதிவேடு வைத்து எழுத இடம் கிடைக்கும். பெட்டியை உதைத்து உதைத்து முகப்பை உடைக்கும் நம் தோழர்களின் கால்களிலிருந்து விடுதலையும் கிடைக்கும். இவற்றை மறுக்க என்னால் இயலாது. "சார், திரை போனால்?" என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் வருவான்" என்றார். உத்தரவாதம் மூன்றாண்டு. நான்காம் ஆண்டில் யார் வருவார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதை இங்கே கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பதினொன்றில் பலவற்றின் மூடி விளிம்பில், கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்ற ஒட்டுச்சீட்டு கிழியாமலே இருந்தது. அதாவது, வாங்கிய நாள் முதல் கழித்த நாள் வரை எந்த மாணவனும் உள்ளே பார்த்ததில்லை! உத்தரவாதக் காலம் முடிந்த பிறகுமா? தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கணிப்பொறியின் கட்டப்படம் வரைகிறோம். உள்ளீடு ஒரு கட்டம், செயலகம் ஒரு கட்டம், நினைவகம் ஒரு கட்டம், இடையே அம்புக்குறிகள். நன்றாகவே வரைகிறோம். அந்தச் சனிக்கிழமை வேடிக்கை பார்க்க வந்த முதலாண்டு மாணவி ஒருவர் நினைவக அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அண்ணா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவரே திருப்புளியோடு வந்தார். மூன்றாவது பெட்டியைத் திறந்தது அவர்தான். தடித்த மரை, மெல்லிய மரை என்று திருகாணிகளை இரண்டு தேநீர்க் குவளைகளில் பிரித்துப் போட்டதும் அவர்தான். நான் மாமாவிடம் அதைக் கற்க ஒரு மாதம் ஆயிற்று.

ஆகவே கொள்முதல் குழுவினருக்கு நான் வேண்டுவது பெரிதன்று. விலைப்புள்ளி கேட்கும் தாளில் ஒரு வரி சேருங்கள்: பெட்டி ஏ.டி.எக்ஸ். அல்லது அதன் சிறிய வடிவமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவில், பொது அளவு மின்வழங்கியோடு, சாதாரணத் திருகாணியால் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். நிறம் எதுவானாலும் சரி. விளக்குகள் வேண்டாம், முன்பக்கம் தூசி வலை இருந்தால் நல்லது.

ஆறு கணிப்பொறிகளும் இப்போது இயற்பியல் துறையின் பின்னறையில் ஓடுகின்றன. புதிய மென்பொருள்கள் சிலவற்றுக்கு அவை ஈடுகொடுக்கா. அளவீடுகளைப் பதியவும் வரைபடம் போடவும் போதும். ஒன்றன் இடப்பக்கத் தகடு மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் கிடந்தபோது யாரோ எதற்கோ எடுத்துப் போயிருக்கிறார்கள். பல்லி நுழையாமலிருக்க அட்டைப் பெட்டியை வெட்டி, காற்றுக்குத் துளை போட்டு, நாடாவால் கட்டி வைத்திருக்கிறோம். மாமா கடையிலும் தேடிவிட்டோம், பொருந்தவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி ஏதேனும் கிடந்தால் அதன் தகட்டைக் கொண்டுவந்து உதவியாளர் அண்ணனிடம் காட்டுங்கள். திருகாணி எங்களிடம் இருக்கிறது.